பிள்ளையைக் காணும் உரிமை மாநில எல்லையில் நின்றுவிடுமா?

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை திருக்கோவிலூரைத் தொட்டுச் செல்கிறது. அந்த நீருக்கே இரு மாநிலங்களுக்கிடையே வழக்குண்டு. பெற்ற பிள்ளைக்கு இல்லாமற் போகுமா?

வாசக அன்பர்களே, இப்படி எண்ணிப் பாருங்கள். மணவிலக்கு நிகழ்ந்துவிட்டது. ஐந்து வயதுப் பையன் தாயுடன் திருக்கோவிலூரில் இருக்கிறான். அத்தாவுக்குப் பெங்களூரில் வேலை. மாதம் ஒருமுறை தகப்பனார் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஜமாஅத்தார் முன்னிலையில் எழுதிக் கையொப்பமும் இட்டாயிற்று. மூன்றாம் மாதம் வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை. செலவுக்குப் பணம் வரவில்லை என்பது தாய்வீட்டாரின் வாதம். பிள்ளையைக் காட்டாதவர்களுக்குப் பணம் எதற்கு என்பது அவருடைய வாதம். இரண்டுமே தவறு. ஜீவனாம்சத்துக்கு வழி வேறு, பிள்ளையைக் காண்பதற்கு வழி வேறு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை மறுக்க முடியாது.

ஹனஃபி மத்ஹபின்படி ஆண்பிள்ளை ஏழு வயது வரையிலும், பெண்பிள்ளை பருவமெய்தும் வரையிலும் தாயின் பராமரிப்பில் இருக்கும். ஆயினும் தகப்பனார் முகத்தையே பிள்ளைக்குக் காட்டாதிருக்க எந்த மத்ஹபும் இடம் தரவில்லை. நீதிமன்றமோ எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனையே பார்க்கும்.

ஜமாஅத் தாளுக்கு மதிப்புண்டு. ஆனால் நீதிமன்ற ஆணையைப்போல் அதை நிறைவேற்றிக்கொள்ள இயலாது. ஆகவே, இணக்கம் ஏற்பட்ட சூட்டோடு அதையே சம்மத ஆணையாக்கிக் கொள்ளுங்கள். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்ய வேண்டும். பெங்களூரில் மனுப்போட்டு ஆண்டுகளை வீணாக்குவோர் உண்டு.

சரி, ஆணை கிடைத்தபின் தாய் பிள்ளையுடன் ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்தால்? ஆணை செத்துப்போவதில்லை. ஒரு மாநிலத்துச் சிவில் நீதிமன்றத்தின் இறுதி ஆணை நாட்டின் எப்பகுதியிலும் நிறைவேற்றத்தக்கது என்கிறது அரசியல் சாசனத்தின் 261-ஆவது பிரிவு. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 18-ஆவது பிரிவில், ஆணையை வேறோர் ஊர் நீதிமன்றத்துக்கு அனுப்பி அங்கே நிறைவேற்றிக்கொள்ள வழி செய்கிறது. வேண்டுமென்றே மீறுபவர்மேல் 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் பாயலாம். ஆறு மாதம் வரை சிறை. பழைய காப்பாளர் சட்டத்திலும், உத்தரவிட்டும் பிள்ளையை ஆஜர்படுத்தாதவருக்கு நூறு ரூபாய் வரை அபராதம் உண்டு. 1890-இல் நூறு ரூபாய் பெருந்தொகை. இன்று யார் அஞ்சுவர்? எனினும் ஆஜர்படுத்த ஒப்புக்கொள்ளும் வரை சிவில் சிறையில் வைக்கவும் அதே பிரிவு இடமளிக்கிறது.

ஆனால், ஆணையை நிறைவேற்றும் நீதிமன்றம் அதில் இல்லாததைச் சேர்க்காது. 'தகப்பனார் பார்க்கலாம்' என்று மட்டும் இருந்தால் எந்த நாள், எந்த இடம் என்பதிலேயே மீண்டும் வழக்கு முளைக்கும். பார்க்கும் உரிமையின் தன்மையையும் முறையையும் விவரங்களையும் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களில் வாழ்ந்தால், தொலைபேசியிலும் காணொளியிலும் பேசும் உரிமையும் முக்கியம் என்றது.

ஆகவே மனுவிலேயே கேளுங்கள்: எந்த ஞாயிறு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பயணச் செலவு யாருடையது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், எந்தக் கிழமை தொலைபேசி. பையனைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று திருப்பி அனுப்பமாட்டாரோ என்று அஞ்சும் சகோதரிகளே, கதவை அடைக்க வேண்டாம். தொடக்கத்தில் சந்திப்பு திருக்கோவிலூரிலேயே, இருவரும் நம்பும் ஒரு பெரியவர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று நீங்களும் அதே மனுவில் கேட்கலாம்.