கடைக் கம்ப்யூட்டர் ஏன் தவழ்கிறது? பழி போடுமுன் பாதையை அளப்போம்



தீபாவளிக்குப் பத்து நாட்களே இருந்த ஒரு சனிக்கிழமை மாலை. மதுரை கீழமாசி வீதியில் உள்ள எங்கள் மொத்த மளிகைக் கடையில் நான்கு பில் மேசைகளுக்கு முன்னாலும் கூட்டம். வாசலில் வண்டி நிற்கிறது, லோடுமேன்கள் காத்திருக்கிறார்கள், பில் மட்டும் வரவில்லை. ஒரு பில்லைச் சேமித்தால் அடுத்த பில்லுக்குத் திரை திறக்க நாற்பது விநாடி ஆயிற்று. இருபது ஆண்டுகளாக எங்களிடம் சரக்கெடுக்கும் உசிலம்பட்டி வியாபாரி ஒருவர், "அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அந்தக் கோபத்தை நாங்கள் பில் போடும் தம்பியிடம் காட்டினோம். நாலு பேர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். அவன் பதில் பேசவில்லை.

தவறு அவனிடம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதை நமது சங்கத்து உறுப்பினர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்கை வைத்திருக்கும் எந்தக் கடைக்கும் இந்தத் தொல்லை ஒருநாள் வரும்.

இது என்ன ஏற்பாடு?

பில் மேசைகளில் இருப்பவை விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். கணக்குக் கோப்புகள் அவற்றில் இல்லை. மாடியில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில்தான் எல்லாம் இருக்கின்றன. அதைச் சர்வர் என்கிறார்கள். நமது மொழியில் சொன்னால் அதுதான் குடோன். அதில் ஓடுவது யூனிக்ஸ் வழியில் அமைந்த லினக்ஸ். விண்டோஸ் கேட்கும் மொழியில் லினக்ஸ் பதில் சொல்வதற்கு நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். அதன் பெயர் சம்பா. முதலில் கேட்டபோது அரிசி ரகம் என்றே நாங்கள் நினைத்தோம். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1991-92இல் இதைத் தொடங்கினார். விண்டோஸ் பேசும் அந்த மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அந்த மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி இப்பெயரை வைத்தாராம். இது இலவசமாகக் கிடைக்கிறது. கடைகளில் "நாஸ்" என்று சொல்லி வாங்கும் சிறு பெட்டிகள் பலவற்றிலும் உள்ளே இருப்பது இதே லினக்ஸும் சம்பாவும்தான்.

குடோனிலிருந்து கடைக்கு மூட்டை வரத் தாமதமானால் நாம் என்ன செய்வோம்? குடோனில் ஆள் எடுத்துத் தரத் தாமதமா, வண்டியில் கோளாறா, சாலையில் நெரிசலா, இங்கே இறக்குவதில் சுணக்கமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கம்ப்யூட்டரிலும் அப்படியே. சர்வரின் ஹார்டு டிஸ்க், நடுவில் உள்ள ஒயரும் ஸ்விட்சும், சம்பா மென்பொருள், மேசைக் கம்ப்யூட்டர் என்று நான்கு இடங்கள் உண்டு. எந்த இடம் என்று அறியாமல் செலவு செய்வது, தராசைப் பார்க்காமல் மூட்டையை மாற்றுவது போன்றதாகும்.

எங்களுக்கும் அப்படி ஒரு யோசனை வந்தது. பார்க்க வந்த ஒருவர், சர்வர் பழையதாகிவிட்டது, ஒரு லட்சத்துக்கு மேல் போட்டுப் புதிதாக வாங்குங்கள் என்றார். நல்ல வேளையாக, தெரிந்த பொறியாளர் ஒருவர், "அண்ணாச்சி, முதலில் அளந்து பார்ப்போம்" என்றார்.

முதலில் சிட்டை எழுதுங்கள்

அவர் முதலில் கேட்டது ஒரு நோட்டும் பேனாவும்தான். எந்த மேசை, எத்தனை மணி, என்ன வேலை, எத்தனை விநாடி என்று மூன்று நாள் குறிக்கச் சொன்னார். குறித்தது அதே தம்பிதான். திட்டு வாங்கிய மனத்தாங்கல் ஏதுமின்றி, வரி பிசகாமல் எழுதியிருந்தான்.

அதில் இரண்டு உண்மைகள் தெரிந்தன. ஒன்று, நான்கு மேசையிலும் ஒரே மாதிரித் தாமதம். ஆகவே குற்றம் எந்த ஒரு மேசையிலும் இல்லை, அதில் உட்கார்ந்திருப்பவரிடமும் இல்லை. ஒரே மேசையில் மட்டும் தாமதமென்றால் அந்தக் கம்ப்யூட்டரையும், அதன் ஒயரையும், அதில் உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, நாள் முழுதும் தாமதம் இருந்தாலும் மாலை ஆறு மணிக்குமேல் அது இரட்டிப்பானது. அப்படியானால் காரணமும் ஒன்றல்ல, இரண்டாக இருக்கலாம் என்றார் அவர்.

சாலையை அளத்தல்

அடுத்தது ஒயர். இங்கே ஒரு கணக்கை மனதில் கொள்ள வேண்டும். நெட்வொர்க் வேகத்தைப் பிட் கணக்கிலும், கோப்பின் அளவைப் பைட் கணக்கிலும் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 1000 மெகாபிட் ஒயரில் விநாடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட் போகும். 100 மெகாபிட் ஒயரில் 12.5 மெகாபைட்தான்.

ஒயருக்குள் எட்டுக் கம்பிகள், அதாவது நான்கு ஜோடிகள் உண்டு. 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1000 வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் பல கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடும். வேலை நிற்காது, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். நிற்காமல் ஓடுவதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

லினக்ஸில் "ஈத்டூல்" என்ற கட்டளை இந்த வேகத்தைக் காட்டும். எங்கள் சர்வரில் அது 100 என்று காட்டியது. "ஐபெர்ஃப்3" என்ற மென்பொருள் டிஸ்க்கைத் தொடாமல் சாலையை மட்டும் அளக்கும். நல்ல நிலையில் 940 மெகாபிட் அளவுக்குக் காட்ட வேண்டியது, எங்களுக்கு 60ஐத் தாண்டவில்லை. 100 வேகத்தில்கூட 94 அளவுக்கு வரவேண்டும். பழுதான தகவல் பொட்டலங்களின் எண்ணிக்கையும் சர்வரில் ஏறிக்கொண்டே போனது. பொட்டலம் தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். நூற்றுக்கு ஒன்று தொலைந்தாலே வேகம் வெகுவாக விழுந்துவிடும்.

ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தோம். துவரம்பருப்பு மூட்டை அடுக்குக்குப் பின்னால் எலி கடித்திருந்தது. சில நூறு ரூபாயில் புது ஒயரைக் குழாய்க்குள் விட்டு இழுத்தோம். நாற்பது விநாடி பன்னிரண்டாகக் குறைந்தது.

ஒயர் 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. மூட்டை ஏறக்கூடாது, கூர்மையாக மடக்கக்கூடாது. ஸ்விட்சின் ஒரு பக்கத்தில் வேகத்தைக் கையால் நிலைநிறுத்தி, மறுபக்கத்தைத் தானியங்கியாக விட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இருபுறமும் தானியங்கியாகவே விடுவது நலம்.

குடோனை அளத்தல்

பன்னிரண்டு விநாடியும் அதிகம்தான். மாலைத் தாமதமும் நீங்கவில்லை. அடுத்து ஹார்டு டிஸ்க். "ஐஓஸ்டாட்" என்ற கட்டளை, ஆறு மணிக்குமேல் டிஸ்க் நூறு சதவீதமும் வேலையில் மூழ்கியிருப்பதைக் காட்டியது. நகல் எடுக்கும் வேலையை யாரோ மாலை ஆறு மணிக்கு வைத்திருந்தார்கள். வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் குடோனை மூட்டை மூட்டையாக எண்ணச் சொன்னது போல! அதை இரவு இரண்டு மணிக்கு மாற்றினோம்.

அதைவிட முக்கியமானது அடுத்து வந்தது. "ஸ்மார்ட்சிடிஎல்" என்ற கட்டளை டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள் பல இருப்பதாக அது காட்டியது. அப்படிப்பட்ட இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், அதுவே தாமதம். டிஸ்க் தன் முடிவை அறிவிக்கிறது என்று பொருள். ஜி.எஸ்.டி. சட்டப்படி நமது கணக்குகளை அந்தந்த ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதம் காப்பாற்றி வைக்க வேண்டும். அது அத்தனையும் அந்த ஒரு டிஸ்க்கில் இருந்தது. புதுச் சர்வர் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் என்ன ஆகியிருக்குமோ!

அன்றிரவே நகலைச் சரிபார்த்து, மறுநாள் எஸ்.எஸ்.டி. போட்டோம். சுழலும் டிஸ்க் விநாடிக்கு நூறு முறை அளவுக்கே வெவ்வேறு இடங்களைத் தேடிப் படிக்கும். எஸ்.எஸ்.டி. பல ஆயிரம் முறை படிக்கும். இப்போது பில் இரண்டு விநாடியில் வருகிறது.

ஒரு சூட்சுமம்: ஒரே கோப்பை இரண்டாம் முறை படித்தால் லினக்ஸ் அதை நினைவகத்திலிருந்தே எடுத்துத் தரும். டிஸ்க் வேகமென்று நாம் ஏமாறுவோம். சோதிக்கும் கோப்பு, நினைவகத்தை விடப் பெரியதாக இருக்க வேண்டும்.

கடைசியாகத்தான் சம்பா

சாலையும் குடோனும் சரியென்றால் மட்டுமே சம்பாவின் அமைப்புக் கோப்பைத் தொட வேண்டும். பார்க்க வேண்டியவை சிலவே. குறிப்பெழுதும் அளவு உச்சத்தில் இருந்தால் ஒவ்வோர் அசைவையும் எழுதியே களைத்துவிடும், அதைக் குறையுங்கள். பழைய காலத்து "வேக வரிகள்" என்று நினைவக அளவுகளை யாராவது எழுதி வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள், இன்றைய லினக்ஸ் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒரே ஃபோல்டரில் பல ஆயிரம் பில்களைக் குவிக்காதீர்கள். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, யூனிக்ஸுக்கு வேறு. அதனால் புதுக் கோப்பு ஒன்றைப் போடும்போதெல்லாம், அதே பெயர் வேறு எழுத்தில் உண்டா என்று சம்பா முழு ஃபோல்டரையும் தேடும். ஆண்டுவாரியாகப் பிரித்தால் இத்தொல்லை தீரும். திறக்கும்போது மட்டும் சில விநாடி நின்று பிறகு வேகமாக ஓடினால், கம்ப்யூட்டர் பெயரைத் தேடுவதில் கோளாறு இருக்கலாம்.

இன்னொரு புதிருக்கும் விடை சொல்ல வேண்டும். "பெரிய கோப்பு நொடியில் நகலாகிறது, பில் மட்டும் ஏன் இழுக்கிறது?" என்பார்கள். நூறு மூட்டையை ஒரே வண்டியில் ஏற்றுவது ஒன்று, நூறு கிலோவைக் கிலோ கிலோவாகப் போய் எடுத்து வருவது வேறு. ஒரு பில்லுக்குக் கணக்கு மென்பொருள் 2000 முறை போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒயரில் ஒரு நடைக்கு அரை மில்லி விநாடி என்றால் மொத்தம் ஒரு விநாடி. வைஃபையில் ஐந்து மில்லி விநாடி என்றால் பத்து விநாடி. ஆகவே பில் மேசைக்கு ஒயரே ஏற்றது.

எச்சரிக்கை

இரண்டு குறுக்கு வழிகளை உங்களுக்கும் சொல்வார்கள். டிஸ்க்கில் எழுதுமுன்பே "எழுதிவிட்டேன்" என்று சர்வர் பதில் சொல்லும்படி ஓர் அமைப்பு உண்டு. வேகம் உண்மையிலேயே கூடும். ஆனால் அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால், அச்சாகி வெளியே போன பில் கணக்கில் இருக்காது. கணக்குக் கோப்புகளுக்கு அது வேண்டாம். சர்வருக்கு யூ.பி.எஸ். எப்படியும் அவசியம்.

மற்றொன்று, எஸ்.எம்.பி.யின் பழைய முதல் பதிப்புக்குத் திரும்புவது. அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாகிரை என்ற நாச மென்பொருள் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து சம்பாவே அதை முடக்கி வைத்துவிட்டது. அதைத் திறந்துவிட வேண்டாம்.

எதை மாற்றினாலும் நகல் எடுத்துவிட்டு, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் எத்தனை விநாடி என்று நோட்டில் குறியுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

உசிலம்பட்டிக்காரர் தை மாதம் திரும்பி வந்தார். பில் போட்டது அதே தம்பிதான். பழுது இன்னதென்று தெரிந்த அன்றே, நாங்கள் கடிந்துகொண்ட அதே இடத்தில், கடை ஆட்கள் முன்னிலையில் அவனிடம் வருத்தம் தெரிவித்துவிட்டோம். எடை குறைந்தால் தராசைச் சோதிக்காமல் ஆளைச் சந்தேகிப்பது வியாபாரிக்கு அழகல்ல. கம்ப்யூட்டருக்கும் அதுவே முறை என்பதை உறுப்பினர்கள் மனதில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.