சித்தா காலேஜ்... போர்டைப் பார்க்காதே, வார்டைப் பார்!

நீட் ரிசல்ட் வந்த கையோடு மதுரைப் பக்கம் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்தப் பட்டிமன்றம்தான். 'எம்.பி.பி.எஸ். கிடைக்காது போல... சித்தா போடலாமா?' உடனே ஆளுக்கொரு தீர்ப்பு. பாளையங்கோட்டைன்னா கெத்து, சென்னைன்னா சான்ஸ் ஜாஸ்தி, பிரைவேட்னா பில்டிங் சூப்பர்! இன்ஜினீயரிங் பசங்க நாம பிளேஸ்மென்ட்டை வச்சு காலேஜை அளப்போம். சித்தாவுக்கு எதை வச்சு அளக்கறது?

இந்தக் கேள்வியைக் கேட்க எங்க ஊருக்குக் கொஞ்சம் உரிமை உண்டு பாஸ். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர்தான் நம்ம ஊர். இங்கே திருமறைநாதர் கோயிலில் சனி பகவானுக்கே வாத நோய் தீர்ந்ததாக ஐதீகம். கை, கால் வலிக்காரர்கள் இன்னிக்கும் வேண்டிக்கிட்டு வர்றாங்க. வாதம், பித்தம், கபம் என்று பாடம் ஆரம்பிக்கிற படிப்பைப் பற்றி வாதவூர்க்காரன் பேசாம வேற யாரு பேசுவா?

யார் யார் களத்தில்?

சீனியர் பாளையங்கோட்டை. 1964-ல் ஆரம்பித்த அரசு சித்த மருத்துவக் கல்லூரி. இளநிலை, முதுநிலை இரண்டும் உண்டு. அடுத்தது சென்னை அரும்பாக்கம். 1980-களில் பழனியில் பிறந்து, பிறகு சென்னைக்குக் குடிபோன அரசுக் கல்லூரி. அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் இருப்பதால் யுனானி, இயற்கை மருத்துவக் கல்லூரிகளும் பக்கத்து வீடுதான்.

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை 2005-ல் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். பேர் பெரிசு. ஆனால், அது எம்.டி. படிக்கிறவர்களுக்காகத் தொடங்கிய இடம். ப்ளஸ் டூ முடிச்சதும் 'தாம்பரத்துல சீட் வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னா உஷாரு!

தனியாரில், வர்ம மருத்துவத்துக்குப் பேர்போன கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறை, மேற்குத் தாம்பரத்தில் ஸ்ரீ சாய்ராம், எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் பக்கம் சாந்திகிரி என்று லிஸ்ட் போகும். நம்ம திருமங்கலத்தில் 1975-ல் வந்த அரசுக் கல்லூரி ஹோமியோபதிக்கானது. அந்தப் படிப்பு பி.ஹெச்.எம்.எஸ். கவுன்சலிங்கில் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இதில் முக்கியமான விஷயம். பாளையங்கோட்டையில் படிச்சாலும் அரும்பாக்கத்தில் படிச்சாலும் தேர்வு நடத்துவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். அதே ஐந்தரை வருஷம், அதே பி.எஸ்.எம்.எஸ். சர்ட்டிஃபிகேட்டில் வித்தியாசம் கிடையாது. அப்போ வித்தியாசம் எங்கே?

அமெரிக்காவிலும் இதே அக்கப்போர்!

அங்கே டாக்டராக ரெண்டு வழி. ஒண்ணு எம்.டி., இன்னொண்ணு டி.ஓ. எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதிதான் இந்த டி.ஓ. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892-ல் மிசௌரி மாநிலத்தில் முதல் காலேஜை ஆரம்பித்தார். ரொம்ப நாள் இவங்களை 'ரெண்டாம் கிளாஸ்' டாக்டராத்தான் பார்த்தாங்க. 1962-ல் கலிஃபோர்னியாவில் 65 டாலர் கட்டி டி.ஓ.வை எம்.டி.யாக மாத்திக்கிட்டவங்க ஏராளம். ஆனால், மற்ற மாநிலங்களில் டி.ஓ. காலேஜ்கள் தாக்குப்பிடித்தன. நவீன மருத்துவம் முழுக்கப் பாடத்தில் வந்தது, ஆஸ்பத்திரிப் பயிற்சி கூடியது. 2020-ல் ரெண்டு பேருக்கும் ரெசிடென்ஸி பயிற்சி ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. இன்னிக்கு அங்கே டி.ஓ. முழு டாக்டர். அதே ஆஸ்டியோபதி படிச்சவர் இங்கிலாந்தில் கையால் சிகிச்சை தருபவர் மட்டுமே, மருந்து எழுத முடியாது. பேர் ஒண்ணு, பயிற்சி வேற, மதிப்பும் வேற!

நம்ம ஊரிலும் இப்படி ஒரு கதை இருக்கு. சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் சொல்லித்தர 1925-ல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. அதில் நவீன மருத்துவமும் கலந்தது. கடைசியில் 1960-ல் அந்த இடம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாகவே மாறிப்போச்சு! நாலு வருஷம் கழிச்சு பாளையங்கோட்டையில் சித்தாவுக்கென்று தனி வீடு கட்ட வேண்டியிருந்தது.

எண்ண வேண்டியது என்ன?

ஆக, டாக்டரை உருவாக்குவது நோயாளிகள்தான். 2016-ல் வந்த விதிகளிலேயே இதுக்கு ஒரு கணக்கு இருந்தது. 60 சீட் இருந்தா 60 படுக்கை, நாளைக்குச் சராசரியா 120 வெளிநோயாளிகள். இதை வச்சுக்கிட்டு காலேஜுக்குள்ள நுழையுங்க.

* சாதாரண வாரநாள் காலை பத்து மணிக்கு ஓ.பி. வரிசை எவ்வளவு நீளம்? இன்ஸ்பெக்‌ஷன் நாளில் எல்லா இடத்திலும் கூட்டம் இருக்கும்!

* வார்டு படுக்கையில் ஆள் இருக்காங்களா, மடிச்ச போர்வை மட்டும்தானா?

* வர்மம், தொக்கணம், எலும்பு முறிவு... மாணவர்கள் கை வைத்துப் பழகுறாங்களா, நோட்ஸ் மட்டும்தானா?

* மூலிகைத் தோட்டமும் மருந்து செய்யும் கூடமும் நிஜமா இயங்குதா?

* பேராசிரியர் பட்டியலில் இருக்கும் பேரெல்லாம் கிளாஸிலும் இருக்காங்களா? இரண்டாம் வருஷ மாணவரைக் கேட்டா உண்மை வந்துடும்.

* ஹவுஸ் சர்ஜன் காலத்தில் எங்கே அனுப்புறாங்க?

கசப்பு மருந்தும் கொஞ்சம்

சித்தா, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின்வாசல் கிடையாது. அரசு சித்த மருத்துவர் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விடணும், அதுவரை காத்திருக்கணும். எம்.டி. போக இன்னொரு நுழைவுத்தேர்வு. 2020 கொரோனா நேரத்தில் கபசுரக் குடிநீர் வீட்டுக்கு வீடு கொதிச்சது நிஜம். ஆனால், 'எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு வேலை செய்யுது?' என்று சோதிச்சு நிரூபிக்கும் வேலை இன்னும் நிறைய பாக்கி. அதை யாராவது செய்யணும். அதுக்கான ஆர்வம் இருக்கறவங்களுக்கு இது கெத்தான படிப்பு. 'டாக்டர்' என்ற முன்னெழுத்துக்காக மட்டும் போறவங்களுக்கு ஐந்தரை வருஷம் ரொம்ப நீளம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு நல்ல சேதி: 2020-ல் வந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இந்திய மருத்துவப் படிப்புகளுக்கும் உண்டு.

கவுன்சலிங்கில் சாய்ஸ் கொடுக்கும் முன்னாடி ஒருநாள் ஒதுக்குங்க. மாட்டுத்தாவணியில் விடிகாலை திருநெல்வேலி பஸ் பிடிச்சா, ஓ.பி. நடக்கும் நேரத்துக்குப் பாளையங்கோட்டை போயிடலாம். மனசுல இருக்கும் மற்ற காலேஜுக்கும் அதே மாதிரி ஒரு நடை. வரிசையில் நிற்கிற நோயாளிங்ககிட்ட பேசுங்க. 'இங்க ஏன் வந்தீங்க? சரியாச்சா?' அவங்க சொல்றதைவிடப் பெரிய ரேங்க் லிஸ்ட் எதுவும் இல்லை!