மகள் சீமைக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாளா?

நர்ஸிங் படித்த பெண் இருக்கிற வீடு என்றால் போதும். அரூரோ, பாலக்கோடோ, பென்னாகரமோ, உறவுக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "உங்க பொண்ணை லண்டனுக்கு அனுப்பலையா?" நம்மவர்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்! உண்மையில் வேலை லண்டனில் மட்டும் இல்லை. ஆஷ்போர்டு, நார்தாம்ப்டன் என்று நாம் பேரே கேட்டிராத ஊர்களிலும் பெரிய ஆஸ்பத்திரிகள் உண்டு.

கேள்வி கேட்டவர் போய்விடுவார். அன்று ராத்திரி அந்த வீட்டு அம்மாவுக்குத் தூக்கம் வராது. பெண் முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். அவ்வளவு தூரமா என்ற பயம் ஒரு பக்கம். மறுநாளே ஒரு ஏஜெண்ட் வந்து, "இத்தனை லட்சம் கட்டுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்பார். கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள், அம்மா! சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய கதை, புதிய பாடம்

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) 1948 ஜூலை 5-ஆம் தேதி ஆரம்பமானது. ஆஸ்பத்திரிகள் பெருகின, நர்ஸுகள் போதவில்லை. மேற்கிந்தியத் தீவுகள், அயர்லாந்து, மொரீஷியஸ், மலேசியா என்று பல இடங்களிலிருந்து இளம் பெண்களை அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1960, 70-களில் மலேசியாவிலிருந்து போனவர்களில் தமிழ்ப் பெண்களும் உண்டு.

அப்போது அங்கே இரண்டு விதப் பயிற்சி இருந்தது. மூன்று வருடம் படித்தால் 'ரிஜிஸ்டர்டு' நர்ஸ். இரண்டு வருடம் படித்தால் 'என்ரோல்டு' நர்ஸ். வெளிநாட்டுப் பெண்கள் பலரை இரண்டு வருடப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழுக்குப் பல பேருடைய சொந்த நாட்டில் மதிப்பே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பதவி உயர்வுக்கும் வழியில்லை. தாளில் இருந்த ஒரே ஒரு வார்த்தை வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

இந்தக் காலத்தில் அப்படியெல்லாம் நடக்குமா என்கிறீர்களா? நடந்தது. 2022 பிப்ரவரியில் 'கேர் ஒர்க்கர்' எனப்படும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் இங்கிலாந்து விசாவைத் திறந்துவிட்டது. நர்ஸிங் படித்த பெண்கள்கூட, "முதல்ல போயிடலாம், அப்புறம் நர்ஸ் ஆயிடலாம்" என்று லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து அந்த விசாவில் போனார்கள். போன இடத்தில் சிலருக்குச் சொன்ன வேலை இல்லை, சிலருக்கு வேலையே இல்லை. முறைகேட்டுக்காக 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமத்தை அந்த நாட்டு அரசு ரத்து செய்தது. 2024 மார்ச் முதல் கேர் ஒர்க்கர்கள் குடும்பத்தை அழைத்துப் போகவும் தடை வந்தது. 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே முதல் பாடம்: வேலை உத்தரவில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நர்ஸ் வேறு, கேர் ஒர்க்கர் வேறு.

படிகள் என்னென்ன?

ஜி.என்.எம். அல்லது பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து, சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஏ.என்.எம். படிப்பை வைத்துக்கொண்டு அங்கே நர்ஸாகப் பதிய முடியாது.

அடுத்தது இங்கிலீஷ். ஐயெல்ட்ஸ், ஓ.இ.டி. என்று இரண்டு பரீட்சைகள். ஒன்றில் தேறினால் போதும். ஐயெல்ட்ஸில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வாங்கவேண்டும். ஓ.இ.டி. மருத்துவத் துறையினருக்கென்றே ஏற்பட்டது. நோயாளியிடம் பேசுவது, கேஸ் விவரத்தைக் கடிதமாக எழுதுவது என்றெல்லாம் வரும். அதனால் நர்ஸுகள் பலருக்கு இது பழகிய பாதையாக இருக்கிறது.

மூன்றாவது, என்.எம்.சி. எனப்படும் அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சிலின் கம்ப்யூட்டர் தேர்வு. இதை இந்தியாவிலேயே எழுதலாம். மருந்தின் அளவைக் கணக்கிடுவது ஒரு பகுதி, நர்ஸிங் கேள்விகள் இன்னொரு பகுதி. நான்காவது, அங்கே போனபின் நடக்கும் செய்முறைத் தேர்வு. 'ஆஸ்கி' என்பார்கள். நார்தாம்ப்டன், ஆக்ஸ்போர்டு, லீட்ஸ் போன்ற ஊர்களில் நடக்கிறது. இதில் தேறினால்தான் நர்ஸ் என்று கையெழுத்துப் போட முடியும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரைப் படுத்தி எடுக்கும் விஷயம்: இனிஷியல்! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து ஒரு மாதிரி, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்து ஒரு மாதிரி இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். முன்னதாகவே சரிசெய்து வையுங்கள்.

விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. அதற்கு மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். கர்ப்பமாக இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அதற்கு மாற்று ஏற்பாடு உண்டு.

பணம் யார் கொடுக்கவேண்டும்?

இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை வாங்கித் தருவதற்காக நர்ஸிடம் கட்டணம் கேட்கக்கூடாது என்பது இங்கிலாந்து அரசின் நடத்தை விதி. செலவை ஆஸ்பத்திரி ஏற்கவேண்டும். நம் நாட்டுச் சட்டப்படியும், பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்!

ஏஜெண்ட் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். 1978-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் "இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் இவ்வளவு திருப்பித் தரவேண்டும்" என்ற வரி இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். இன்னொன்று: 2024-க்குப் பிறகு அங்கே வெளிநாட்டு நர்ஸுகளை எடுப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. "அடுத்த மாசமே ஃப்ளைட்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அப்படியானால் கையில் இருக்கும் காசை எதில் போடுவது? இங்கிலீஷில் போடுங்கள். தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணுக்கு அதுதான் பெரிய மலை. வகுப்புக்குப் பணம் கட்டுவதோடு உங்கள் கடமை தீரவில்லை. தினம் ஒரு மணி நேரம் அடுப்படியிலிருந்து அவளுக்கு விடுதலை கொடுங்கள். வாய்விட்டுப் படிக்கட்டும், பேசட்டும். மருமகளாக இருந்தால் இது மாமியாருக்கும் பொருந்தும்!

வார்டில் எப்படி?

இங்கே நோயாளிக்குத் துணையாக அம்மாவோ மனைவியோ கூடவே இருப்பார்கள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவர்கள்தான். அங்கே அப்படியில்லை. உடம்பு துடைப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, ஊட்டிவிடுவது எல்லாம் நர்ஸும் உதவியாளர்களும் செய்யும் வேலை. "படிச்ச படிப்புக்கு இதுவா?" என்று முதல் வாரத்தில் அழுகை வரலாம். அங்கே இதுதான் நர்ஸிங் என்று புரிந்துவிட்டால் மனசு லேசாகிவிடும்.

தொடுவதற்கு முன் அனுமதி கேட்கவேண்டும். தன் பெயரைச் சொல்லவேண்டும். இந்தப் பெயர் சொல்லும் வழக்கத்தை 2013-இல் ஓர் இயக்கமாகவே ஆக்கியவர் டாக்டர் கேட் கிரேஞ்சர். புற்றுநோயாளியாகப் படுக்கையில் இருந்தபோது, தன்னைக் கவனிக்க வருகிறவர்கள் பெயர்கூடச் சொல்லாமல் போவது அவரை வருத்தியது. அதிலிருந்து பிறந்ததுதான் அந்த இயக்கம்.

உழைப்பவரை அந்த ஊர் மறப்பதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி கவென்ட்ரி ஆஸ்பத்திரியில் அந்த நாட்டின் முதல் கோவிட் தடுப்பூசியைப் போட்டவர் மே பார்சன்ஸ். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ். கேரளத்தில் பிறந்து, நமக்குப் பக்கத்துப் பெங்களூரில் நர்ஸிங் படித்த சோஜன் ஜோசப் 2001-இல் இங்கிலாந்து போனார். மனநல நர்ஸாக வேலை பார்த்தவர், 2024-இல் ஆஷ்போர்டு தொகுதியின் எம்.பி.யாகவே வந்துவிட்டார்!

சம்பளமும் செலவும்

2025-26 கணக்குப்படி என்.எச்.எஸ். நர்ஸின் ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண்டு. இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்துக்கொண்டுதான் கையில் வரும். வாடகை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு, பஸ் எல்லாமே பவுண்டில்தான். முதல் வருடம் "ஏன் இன்னும் பணம் வரலை?" என்று யாரும் கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி.

கைக்குழந்தைக்காரி என்றால்?

நர்ஸ் விசாவில் கணவரையும் குழந்தைகளையும் அழைத்துப் போக வழி இருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் சமயத்தில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். பள்ளி வயதுக் குழந்தைக்கு அரசுப் பள்ளியில் கட்டணமில்லை. பள்ளிக்கு முந்தைய வயது என்றால் காப்பகச் செலவு சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் 'ஆஸ்கி' முடிந்து வீடு அமையும் வரை குழந்தையை ஆயாவிடம் விட்டுப் போகிறவர்கள் உண்டு.

இதில் கடிகாரத்தையும் நினைக்கவேண்டும். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் நாலரை. பல வார்டுகளில் ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி முடித்து அவள் போனை எடுக்கும்போது இங்கே ஒன்றரை மணி. குழந்தை அசந்து தூங்கும். ஆனால் வாரத்துக்கு மொத்த வேலை 37½ மணிதான். நீண்ட ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வாரத்தில் மூன்று நாலு நாள் ஓய்வு கிடைக்கும். அந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவைத்து, "இன்னிக்கு அம்மா பேசுவா, கண்ணு" என்று ஆயா சொல்லிவைத்தால் குழந்தை ஏங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ள

டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். வெயில் பற்றாமல் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி குறையும். குளிர்காலத்தில் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளலாம் என்றும், நம்மைப் போல் கறுத்த சருமம் உள்ளவர்கள் வருடம் முழுவதுமே யோசிக்கவேண்டும் என்றும் என்.எச்.எஸ். சொல்கிறது. பெட்டியில் கேழ்வரகு மாவு, ரசப்பொடி, புளி வைக்கலாம். நெய், பால்கோவா, கருவாட்டைத் தவிர மற்ற இறைச்சி வகைகள் வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை

பெண் குழந்தை என்றால் முகம் சுருங்கிய காலம் நம் மாவட்டத்துக்கும் உண்டு. 1992-இல் சேலத்தில் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தர்மபுரிக்கும் கொண்டுவரவேண்டி இருந்ததே! அந்த மண்ணிலிருந்து ஒரு பெண் கடல் கடந்து நர்ஸாகப் போகிறாள் என்றால் பெருமைதான். ஆனால் நேற்றுவரை பாரம் என்று நினைத்தவளை இன்று பணம் காய்க்கும் மரம் என்று நினைத்தால், இரண்டும் ஒரே தப்புதான்.

போகப் பிரியமில்லை என்று அவள் சொன்னாலும் குறைவில்லை. நம் சித்தேரி மலைக்கு அருகே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில் 1993 முதல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் நடத்தும் ஆஸ்பத்திரியில், உள்ளூர் மலைவாழ் பெண்களே பயிற்சி பெற்றுப் பிரசவம் பார்க்கிறார்கள். பச்சைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். சேவைக்குச் சீமை என்ன, சிட்டிலிங்கி என்ன?

போவதா, இருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். போவது என்றால் தாளைப் படித்துவிட்டுப் போகட்டும். சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும்!