பட்டையில் இரண்டு வகை



சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரம், 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியானவர்கள் காம்பீரும் மிளகும் பயிரிட்ட தோட்டப் பகுதி. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஆயினும் சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் வாசனை மரம் ஒன்று இன்றும் உண்டு. அதன் தளிர் செம்மை படர்ந்திருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் நம் வீட்டுப் பட்டையின் மணம் வரும். அதுதான் காட்டுக் கறுவா; சமையல் கறுவாவுக்குப் பங்காளி.

அசல் கறுவாவின் தாயகம் இலங்கை. போர்த்துகீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும், 1796 முதல் ஆங்கிலேயரும் அத்தீவின் கரையோரத்தைத் தம் பிடிக்குள் வைத்திருந்தார்கள். காட்டில் பட்டை உரித்துக் கொடுப்பது சலாகம மக்கள் மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாக இருந்தது. அரசின் தனியுரிமை 1833இல்தான் ஒழிந்தது.

பட்டை உரிப்பது கைத்தேர்ச்சி வேண்டும் தொழில். மழைக்காலத்தில் இளங்கிளைகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் கழற்றுவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்துவார்கள். பால் வெட்டிய கைகளுக்கும் கொழுந்து பறித்த கைகளுக்கும் அந்த உழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால் கடையில் 'பட்டை' என்று கேட்டால் கிடைப்பதெல்லாம் இந்தக் கறுவா அன்று. சீனா, வியட்நாம், சுமத்ரா ஆகிய இடங்களின் பட்டைகளும் அதே பெயரில் விற்கின்றன. அடையாளம் எளிது. அசல் கறுவா காகிதம்போல் மெலிந்து, பல சுருளாக, சுருட்டுப் போலிருக்கும், விரலால் நொறுக்கலாம். மற்றது தடித்து, கெட்டியாக, ஒரே மடிப்பாக இருக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? தடித்த பட்டையில் 'குமரின்' என்னும் பொருள் மிகுதி. அது அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் ஒரு நாளைய வரம்பு என்று ஐரோப்பிய உணவு ஆய்வாளர்கள் வகுத்துள்ளனர். தினம் ஒரு தேக்கரண்டித் தூள் சாப்பிட்டாலே அந்த வரம்பு மீறக்கூடும். அசல் கறுவாவில் குமரின் மிகக் குறைவு.

வயிற்றுப் பொருமலுக்கும் செரியாமைக்கும் சிறு துண்டுப் பட்டையைச் சுக்குடன் கொதிக்கவைத்துக் குடிப்பது நம் பாட்டிமார் வழக்கம். குழம்பிலும் பிரியாணியிலும் போடும் ஓரிரு துண்டுகளால் அச்சமில்லை. ஆனால் பட்டைத் தூள் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்யவில்லை. கர்ப்பிணிகளும் ஈரல் நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் பட்டையை மருந்தாக உட்கொள்ளக் கூடாது.

அடுத்த முறை தேக்கா சந்தைக்குப் போகும்போது, பட்டையை ஒரு கணம் கையில் எடுத்துப் பாருங்கள். மெலிந்ததா, தடித்ததா என்று தெரிந்து வாங்குங்கள்.