ஆயில் மாற்றினார்களா, இல்லையா?

கம்பம், போடியிலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கு மலையேற்றம் தினசரி வேலை. ஆயில் கெட்டால் பேரிங் தேயும், பிழைப்பும் நின்றுவிடும். ஆகவே, சர்வீஸ் முடிந்த சில நாளிலேயே ஆயில் கறுத்திருந்தால், "மாற்றவே இல்லை" என்று டிரைவர்கள் கொதிப்பதுண்டு. ஆனால் டீசல் வண்டியில் புது ஆயிலும் புகைக்கரி கலந்து சீக்கிரம் கறுக்கும். நிறம் மட்டும் சாட்சியாகாது.

வண்டியை விடுமுன் பழைய ஆயில் பில்டரில் பெயின்ட் பொட்டு வைக்கலாம். புது பில்டருக்குப் பில் போட்ட பின்னும் பொட்டு அப்படியே இருந்தால், அதுவே சாட்சி. பில்லில் ஆயிலின் கிரேடும் லிட்டர் கணக்கும் இருக்க வேண்டும்.

வெளியூரில் சர்வீஸ் செய்தோமே என்று தயங்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கோவையில் ஏமாந்த பாலக்காட்டுக்காரர் இரண்டு ஆண்டுக்குள் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பில் மட்டும் பத்திரம்!