ஆறாம் மாதத்துத் தலைவலி

திருப்பதியில் கிளம்பி பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி போகும் ரயிலில், மடியில் பெரிய ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது அங்குள்ள சி.எம்.சி.யில். திருப்பதியிலேயே தேவஸ்தான ஆதரவில் 1993-இல் செயல்படத் தொடங்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது. மூளையில் கட்டி என்று தெரிந்ததும் இந்தப் பக்கத்து மக்கள் பெரும்பாலும் நினைப்பது இந்த இரண்டு ஆஸ்பத்திரிகளைத்தான்.

மூளைக் கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் முளைக்கும் மெனிஞ்சியோமா, காது நரம்பில் வளரும் ஷ்வானோமா போன்றவை பெரும்பாலும் மெதுவாக வளரும் சாதுக் கட்டிகள். இவை சிறியவையாக இருந்தாலோ, கத்தி வைக்கச் சிரமமான இடத்தில் இருந்தாலோ, மண்டையைத் திறக்காமல் கதிர்வீச்சாலேயே அடக்கிவிடலாம். ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல் இந்த முறைக்கு 'ரேடியோ சர்ஜரி' என்று பெயர் வைத்தார். இதற்குப் பயன்படும் காமா நைஃப் கருவியில் சுமார் 200 மெல்லிய கதிர்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. வழியில் உள்ள மூளைக்குப் பாதிப்பு மிகக் குறைவு. கதிர்கள் கூடும் இடத்தில்தான் வீரியம். வாரக்கணக்கில் 'கரண்ட் வைக்கும்' சிகிச்சை போலன்றி, இது பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். சிகிச்சை பெற்ற பத்தில் ஒன்பது பேருக்காவது கட்டி வளராமல் நிற்கிறது.

சிக்கல் வந்தால், அது பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வரும்.

நாலைந்து மாதம் எந்தத் தொந்தரவும் இருக்காது. பிறகு ஒருநாள் தலைவலி ஆரம்பிக்கும். நடக்கும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு கழன்று விழும், விழுந்ததுகூடத் தெரியாது. சிலருக்கு ஃபிட்ஸ் வரும். "கட்டி திரும்ப வந்துடுச்சோ" என்று குடும்பமே பதறிப்போகும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி பழைய அளவிலேயே இருக்கும். அதைச் சுற்றி மட்டும் விரல் விரலாக வெள்ளை படர்ந்திருக்கும். அதுதான் வீக்கம்: மூளைத் திசுவில் ஊறி நிற்கும் நீர்.

கதிர்பட்ட கட்டியும் அதை ஒட்டிய நுண்ணிய ரத்தக் குழாய்களும் அழற்சி அடைகின்றன. குழாய்ச் சுவர் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய நீர் வெளியே கசிகிறது. பெரும்பாலும் சிகிச்சைக்குப் பிறகு மூன்றிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் இது நடக்கும். எல்லோருக்கும் வருவதில்லை. உச்சந்தலைக்குக் கீழே, இரண்டு மூளைப் பாதிகளுக்கு நடுவில் உள்ள மெனிஞ்சியோமாவில் ஆபத்து அதிகம். கால்களை இயக்கும் பகுதி பக்கத்திலேயே இருப்பதால்தான் செருப்பு கழல்கிறது. பெரிய கட்டி, அதிகக் கதிர் அளவு, சிகிச்சைக்கு முன்பே இருந்த வீக்கம் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். அதனால்தான் பெரிய கட்டிகளுக்கு மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுக்காமல், மூன்று முதல் ஐந்து நாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு.

இந்த வீக்கத்துக்கு மருந்து இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலருக்குச் சில நாட்களிலேயே தலைவலியைத் தணித்துவிடும். ஃபிட்ஸ் வந்தால் அதற்குத் தனி மாத்திரை. ஸ்டீராய்டுக்கு அடங்காதபோது பெவாசிஸுமாப் ஊசி உதவலாம். அறுவை சிகிச்சை வரை போவது அரிது. ஆனால் ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தலைவலி நின்றதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ரேடியோ சர்ஜரி முடித்து ஊர் திரும்புகிறவர்கள், நன்றாக இருந்தாலும் சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போய்விடுங்கள். தலைவலி, ஃபிட்ஸ், கை கால் தளர்ச்சி எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சிகிச்சை நடந்த தேதியும் கதிரின் அளவும் எழுதிய டிஸ்சார்ஜ் தாளை அந்த ஸ்கேன் கவருக்குள்ளேயே எடுத்துச் செல்லுங்கள்.