உடலுக்குச் சொல்லாத நன்றி

இலண்டன் மாநகரின் வடபகுதியான எட்மண்டனில், ஃபோர் ஸ்ரீற்றில், கடையொன்றின் மேல்மாடியில் அமைந்த சிறிய வீடு அது. கை கழுவச் சென்ற நாம், குளியலறைக் கண்ணாடியை ஒரு பழைய துவாய் மூடியிருப்பதைக் கண்டோம். கண்ணாடி உடைந்திருக்கலாம் என்றே எண்ணினோம். ஆனால் அவ்வீட்டுச் சகோதரி எமது துணைவியாரிடம் தாழ்ந்த குரலிற் சொன்ன காரணம் வேறு. மார்பகப் புற்றுநோய் காரணமாக அவரது இடது மார்பகம் சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டு எட்டு மாதங்கள் கடந்திருந்தன. அந்த எட்டு மாதங்களிலும் அவர் தம் உடலைப் பார்த்ததில்லை.

"எல்லாரும் சொல்லுகினம், உயிர் தப்பினதுக்கு நன்றியாய் இரு எண்டு. நான் நன்றி கெட்டவள் இல்லை, தங்கச்சி. ஆனா என்ரை உடம்பைப் பாக்க எனக்கே பயமாக் கிடக்கு."

பெயர் குறிப்பிடாமல் எழுதுவதற்கு அவர் அனுமதி தந்தார். அவருடைய இந்த வார்த்தைகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

'நன்றியாக இரு' என்னும் அறிவுரை அகதிகளாகிய எமக்குப் புதியதன்று. இடம் தந்த நாட்டுக்கு நன்றி, விசா தந்த அதிகாரிக்கு நன்றி, வேலை தந்த முதலாளிக்கு நன்றி என்று, வந்திறங்கிய நாள் முதல் நன்றி கூறியே பழகியவர்கள் நாம். இந்த நன்றிகள் பொய்யானவை அல்ல. ஆயினும் இடைவிடாது கோரப்படும் நன்றி, துக்கப்படும் உரிமையைப் பறித்துவிடுகின்றது. வீட்டை இழந்தவன் 'உயிராவது மிஞ்சியதே' என்ற ஒரு வசனத்தால் வாயடைக்கப்படுகின்றான். மார்பகத்தை இழந்த பெண்ணுக்கும் அதே வசனமே சொல்லப்படுகின்றது.

அப்படியானால் நன்றியுணர்வினால் நோயுற்றவருக்குப் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அது வேறு வகையான நன்றி.

பழந்தமிழில் 'நன்றி' என்னும் சொல்லுக்கு நன்மை என்பதே பொருள். வள்ளுவர் தமது பதினோராம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயரிட்டார். செய்யப்பட்ட நன்மையை அறிதல் என்பது அதன் பொருள். அங்கே செலுத்துதல் இல்லை, பணிதல் இல்லை. அறிதல் மட்டுமே உண்டு. எமது உடல் எமக்கு என்ன செய்தது என்பதை ஒவ்வொன்றாக அறிந்துகொள்வதே உடலுக்கு நாம் கூறக்கூடிய நன்றி. அதற்கு மகிழ்ச்சியான முகம் தேவையில்லை. அழுதுகொண்டும் அதனைச் செய்யலாம்.

சகோதரி இதனை எந்த நூலிலும் கற்கவில்லை. சத்திரசிகிச்சையின் பின்னர் தோள் இறுகிப் போகாதிருக்கச் சில பயிற்சிகளைச் செய்யுமாறு வைத்தியசாலையிற் கூறுவார்கள். அவற்றுள் ஒன்று, சுவரை நோக்கி நின்று, விரல்களை மெல்ல மெல்ல மேலேற்றுவது. அவரது பேத்தி, பாட்டியின் விரல் எட்டிய இடத்தைத் தினமும் பென்சிலாற் குறித்து வந்தாள். அதே சுவரிற்றான் அவளுடைய உயரத்தைக் காட்டும் கோடுகளும் இருந்தன. ஒருநாள் அக்கோடுகளைப் பார்த்தபோது, "இந்தக் கைதானே தேங்காய் துருவினது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினது" என்று தமக்குத் தோன்றியதாகச் சகோதரி கூறினார். அன்றிரவு, பல மாதங்களின் பின், வலது கையால் இடது தோளைத் தடவிக் கொடுத்தாராம். தழும்பு வரை அவரது கை போகவில்லை. தோள் வரை போனதே அன்றைக்குப் போதுமானதாயிருந்தது.

இவ்வனுபவத்துக்கு ஆய்வுத்துறையிலும் ஓரளவு ஆதாரம் உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான ரொபேர்ட் எமன்ஸ், மைக்கல் மக்கலா ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நரம்புத்தசை நோயுற்ற ஒரு பிரிவினர் மூன்று வாரங்கள் நாள்தோறும் தாம் நன்றியுடன் எண்ணும் விடயங்களை எழுதி வந்தனர். அவ்வாறு எழுதாதவர்களைவிட அவர்களுடைய மனநிலையும் உறக்கமும் மேம்பட்டிருந்தன. நோய் மாறவில்லை, நோயோடு வாழும் நாட்கள் சற்று இலகுவாயின.

இந்த வேறுபாட்டை நாம் வலியுறுத்த வேண்டியுள்ளது. 'மனத்தைச் சந்தோஷமாக வைத்திரு, இல்லாவிட்டால் வருத்தம் திரும்பி வரும்' என்று நோயாளியைப் பயமுறுத்துவோர் எம்மவரிடையே உளர். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2007 இல் வெளிவந்த ஆய்வு, மனநலத்துக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு காணவில்லை. அழுததனால் எவருக்கும் புற்றுநோய் திரும்புவதில்லை. நன்றியுணர்வு மருந்தன்று; மருந்துக்கு மாற்றும் அன்று.

கோபத்துக்கும் இதில் இடமுண்டு. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரே லோர்ட் 1978 இல் ஒரு மார்பகத்தை இழந்தார். செயற்கை மார்பகம் அணியாது வைத்தியரிடம் சென்ற அவரிடம், இவ்வாறு வருவது அங்குள்ளோரின் மனவுறுதியைக் கெடுக்கும் என்று தாதி ஒருவர் கூறினாராம். இதனை அவர் 1980 இல் வெளியிட்ட நூலிற் சினத்துடன் பதிவுசெய்துள்ளார். அவர் அணிய மறுத்தார். வேறொரு பெண் அணிய விரும்பலாம். இன்னொருவர் மார்பக மீளமைப்புச் சத்திரசிகிச்சையை நாடலாம். முடிவு அவரவருடையது. அயலவரின் கண்ணுக்காக அம்முடிவு எடுக்கப்படலாகாது என்பதே முக்கியம்.

அமெரிக்கா வரை செல்வானேன்? ஒரு மார்பை இழந்த பெண்ணைத் தெய்வமாக வணங்கும் மரபிலிருந்து வந்தவர்களல்லவா நாம்! கண்ணகி தன் இடது மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கதையை அறியாதவர் எம்மில் இல்லை. அதன் பின்னர் நிகழ்ந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. மலைநாட்டில் வேங்கை மரநிழலில், மார்பு ஒன்றை இழந்தவளாய் நின்ற அவளைக் கண்ட குறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தெய்வம் என்று கொண்டாடினார்கள். வற்றாப்பளையில் வைகாசியில் அவளுக்கே பொங்கல். மட்டக்களப்பில் அவளுக்கே குளிர்த்திச் சடங்கு. அங்கே ஊரார் அவளை 'நன்றியாக இரு' என்று கேட்பதில்லை. வெந்து வந்தவளைக் குளிர்விக்கின்றார்கள். நோயிலிருந்து மீண்டு வந்த பெண்ணுக்கு வீட்டார் செய்ய வேண்டியதும் அதுவேயாகும். கணவன்மார் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். தழும்பைப் பற்றிப் பேசாதிருப்பது அன்பு என்று சிலர் எண்ணுகின்றனர். மனைவிக்கோ அந்த மௌனம் அருவருப்பாகவே தோன்றக்கூடும்.

இனி, நடைமுறை விடயங்கள் சில. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்வதற்குக் குடிவரவு நிலை தடையன்று. அகதிக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளவர்களுக்கு வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசமே. ஆங்கிலம் தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கோரலாம். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. மார்பகத்தை இழந்தவர்களுக்குத் தேசிய சுகாதார சேவை செயற்கை மார்பகத்தை இலவசமாக வழங்குகின்றது. மார்பகப் பராமரிப்புத் தாதியிடம் தழும்பு, மரத்துப்போதல், தாம்பத்தியம் ஆகிய எதனையும் வெட்கமின்றிக் கேட்கலாம். அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கை வீங்கினால் தாமதியாது தெரிவிக்க வேண்டும். 50 முதல் 71 வயது வரையான பெண்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அக்கடிதத்தை விளம்பரக் கடிதங்களோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள். கட்டியோ, தோலிற் சுருக்கமோ, முலைக்காம்பில் மாற்றமோ தென்பட்டால், எந்த வயதாயினும் அழைப்புக்குக் காத்திராமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

சில வாரங்களின் பின் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். குளியலறையில் அந்தத் துவாய் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மேற்பாதி மடிக்கப்பட்டு, நிற்பவரின் முகமும் தோள்களும் தெரியும் அளவுக்குக் கண்ணாடி திறந்திருந்தது. நாம் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. தேநீர் தந்த சகோதரி, சுவரிலிருந்த புதிய பென்சிற் கோட்டை இடது கையை உயர்த்திக் காட்டினார். அது பேத்தியின் உயரத்தைக் கடந்து நின்றது.